கொனார்க் போகிறோம்: கோயிலை ஒட்டியுள்ள மியூசியத்துக்கும் நேரம் ஒதுக்கணுமா?

பொள்ளாச்சிக்காரன்

வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு பூரி போகிறோம். ஜகந்நாதரைப் பார்க்கணும் என்பது அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. நான், மனைவி, அம்மா, ஏழாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். பூரியில்தான் தங்கல். ஒருநாள் கொனார்க் போய்வர கார் சொல்லியாச்சு.

டிரைவர் போட்ட திட்டம் இது: காலையில் கிளம்பி கடலோர ரோட்டில் ராமசண்டி கோயில், சந்திரபாகா கடற்கரை. அப்புறம் சூரியக் கோயிலில் ஒரு மணி நேரம். சாப்பிட்டுவிட்டு அசோகர் கல்வெட்டு இருக்கும் தௌலி, சாயங்காலம் புவனேஸ்வரில் லிங்கராஜர், ராத்திரி பூரிக்குத் திரும்பல்.

எனக்கு மூணு சந்தேகம். கோயிலுக்குப் பக்கத்திலேயே தொல்லியல் துறை மியூசியம் இருக்காமே, அதுக்குத் தனியா நேரம் ஒதுக்கணுமா, இல்லை கோயிலைப் பார்த்தாலே போதுமா? அங்கே இருக்கிற சிற்பங்களைப் பிள்ளைகளோட பார்க்க முடியுமா? சூரியக் கோயிலில் பூஜை கிடையாதுங்கிறாங்க, அம்மா கும்பிட ஏதாவது இருக்கா?

கடற்கரை_நடை

போன வருஷம்தான் போயிட்டு வந்தேன் சார். மியூசியத்தை விட்டுடுங்க. சில அறைகள்ல உடைஞ்ச கல்லை வரிசையா வெச்சிருக்காங்க, தலை இல்லாதது, கை இல்லாதது. கோயில் சுவர்லயே ஆயிரக்கணக்கான சிற்பம் இருக்கு, அதைப் பார்த்து முடிக்கவே நேரம் பத்தாது. அந்த நேரத்தைச் சந்திரபாகாவில் குடுங்க, பசங்க சந்தோஷப்படுவாங்க.

மகாநதி

தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேலை நிமித்தமாகப் பல வருஷமாகப் புவனேஸ்வரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கொனார்க் அழைத்துப் போவது என் பொறுப்பு. வந்தவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பார்க்கணும் என்றுதான் வருவார்கள், பத்து ரூபாய் நோட்டில் இருக்கிறதே அந்தச் சக்கரம். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்ததும் கிளம்பலாமா என்பார்கள். கோயிலில் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். கிழக்கு வாசலில் நுழைந்தால் முதலில் யானைமேல் பாயும் இரண்டு சிங்கங்கள். அதைத் தாண்டி, கூரை இல்லாத நடன மண்டபம். அதற்கும் பின்னால் அடுக்கடுக்காக மேலே குறுகிப்போகும் பெரிய கட்டடம் ஒன்று நிற்கும். எல்லாரும் அதைத்தான் கோயில் என்று நினைக்கிறார்கள். அது ஜகமோகன், நம்மூர்க் கணக்கில் மகாமண்டபம். அதுவே 120 அடிக்கு மேல். கருவறையும் அதன்மேல் எழுந்த விமானமும் அதற்கும் மேற்கே இருந்தன. அந்த விமானம் 200 அடியைத் தாண்டியிருக்கும் என்பது ஆய்வாளர் கணக்கு. கீழைக் கங்க அரசன் முதலாம் நரசிம்மதேவன் 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. கட்டடக்கலை ஆய்வாளர் ஜேம்ஸ் பெர்குசன் 1837-இல் வந்தபோது அந்த விமானத்தின் ஒரு மூலை மட்டும் நின்றுகொண்டிருந்தது, படமாக வரைந்து வைத்திருக்கிறார். 1848-இல் அடித்த புயல்காற்றில் அதுவும் சாய்ந்தது.

விழுந்த விமானத்தின் கற்கள் எங்கே போயின? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குர்தா ராஜா தன் ஊர்க் கோயில்களுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனார். கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் சில இருக்கின்றன. டெல்லி தேசிய மியூசியத்தில் ஒரு நல்ல சூரியன் இருக்கிறார். வாசலில் நின்ற அருணத் தூண் மராட்டியர் காலத்திலேயே பூரிக்குப் போய்விட்டது. ஜகந்நாதர் கோயில் சிங்க வாசலில் நீங்கள் பார்க்கப்போகிற உயரமான ஒற்றைக்கல் தூண் அதுதான், உச்சியில் அருணன் கைகூப்பி உட்கார்ந்திருப்பார். இடிபாட்டிலிருந்து எடுத்ததில் மீந்த முக்கியமான துண்டுகள்தான் 1968-இல் திறந்த இந்த மியூசியத்தில் இருக்கின்றன. அந்தத் துண்டுகளைப் பார்க்காமல் திரும்பினால் மண்டபத்தைப் பார்த்துவிட்டு மூலவர் சன்னிதிக்குப் போகாமல் வந்ததாகத்தான் அர்த்தம்.

கோயிலில் ஆயிரக்கணக்கான சிற்பம் இருக்கிறது என்பது சரி. ஆனால் அதில் பாதி தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் உயரத்தில் உள்ளதைக் கடற்காற்று தின்றுவிட்டது. மியூசியத்தில் அதே சிற்பியின் வேலையை ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்கலாம்.

சும்மா சுற்றி வராமல் இரண்டு விதக் கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோயிலின் பெரும்பகுதி கோண்டலைட் என்ற கல். வெளுத்து, செம்பழுப்புத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தக் கல்லில் செதுக்கிய முகங்களில் மூக்கும் உதடும் கரைந்து, கண் இருந்த இடம் ஒரு குழியாக மட்டும் தெரியும். இன்னொன்று குளோரைட், பச்சை கலந்த கருமை. அந்தக் கல்லில் மாலையின் ஒவ்வொரு மணியும், பூணூலின் முறுக்கும், மேகலையில் தொங்கும் குஞ்சமும் எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கூர்மையாக இருக்கின்றன. வாசல் நிலைகளுக்கும் முக்கியத் தெய்வங்களுக்கும் குளோரைட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எந்தக் கல் நிலைக்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மியூசியம் கிடையாது, போகும் நாளை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியன் ஆயில் பவுண்டேஷன் கட்டிக்கொடுத்து 2018-இல் திறந்த விளக்க மையம் ஒன்றும் அங்கே உண்டு. படம் போட்டுக் காட்டுவார்கள், பிள்ளைகளுக்கு நல்லது. அது வேறு, தொல்லியல் துறை மியூசியம் வேறு. பெயரில் குழம்பி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

செங்கல்_சுண்ணாம்பு

கட்டடத் துறையில் இருப்பவன் என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். போனால் கைடு முதலில் சொல்வது காந்தக் கதையாகத்தான் இருக்கும். விமானத்தின் உச்சியில் 52 டன் காந்தம் இருந்தது, அது சாமியை அந்தரத்தில் நிறுத்தியது, கப்பல்களைக் கரைக்கு இழுத்தது, போர்ச்சுகீசியர் அதைக் கழற்றியதும் கோயில் விழுந்தது என்பார்கள். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் கோயிலில் நிஜமாகவே இருந்தது இரும்பு. கற்களை ஒன்றோடொன்று இறுக்க இரும்புப் பட்டைகள், வாசல் மேல் பாரம் தாங்க இரும்பு உத்திரங்கள். அந்த இரும்பிலிருந்து கிளம்பிய கதையாகத்தான் இது இருக்கணும்.

சாந்து போட்டு ஒட்டிய கட்டடம் இல்லை அது. கல்மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கிக்கொண்டே போய் மேலே மூடும் முறை. ஒவ்வொரு கல்லையும் அதற்கு மேலுள்ள கல்லின் எடைதான் பிடித்து நிறுத்துகிறது. உச்சியில் எடை குறைந்தால் கீழே உள்ள அடுக்குகளின் பிடி தளரும். உப்புக்காற்றில் இரும்புப் பட்டை துருப்பிடித்து உப்பினால் கல்லையே பிளக்கும். இடுக்கில் ஆலும் அரசும் வேர் விட்டால் கேட்கவே வேண்டாம். அஸ்திவாரம் இறங்கியது, படையெடுப்பு, நிலநடுக்கம் என்று வெவ்வேறு காரணம் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அக்பர் அவையில் இருந்த அபுல் ஃபசல் இந்தக் கோயிலை வியந்து எழுதியிருக்கிறார், அதனால் அதற்கு முன்பே மொத்தமாக விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரே நாளில் ஒரே காரணத்தால் விழவில்லை, நூற்றாண்டுக் கணக்கில் உதிர்ந்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்று, ஜகமோகனுக்குள் போக முடியுமா என்று அங்கே கேட்காதீர்கள். உள்ளே முழுக்க மணல். அதுவும் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வாசல்களைக் கல்லால் அடைத்து உள்ளே மணலைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் போர்டில்லன் உத்தரவில் 1903-இல் முடிந்த வேலை, சுவரிலேயே பலகை பதித்திருக்கிறார்கள். மணல் இறங்கினால் உள்ளே வெற்றிடம் விழும், ஈரம் தேங்கும் என்ற கவலை ரொம்ப நாளாக இருக்கிறது. மணலை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சும் அவ்வளவு பழசு.

கடற்கரை_நடை

அது சரி அண்ணா. ஆனா மியூசியத்தில் இருக்கிற துண்டை எல்லாம் கோயில்லயே திருப்பி வெச்சா என்ன? சுவர்ல பல இடத்தில் மொட்டைக் கல்லை வெச்சுப் பூசி மெழுகிட்டாங்க, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. அசல் சிற்பம் பக்கத்துக் கட்டடத்துல கண்ணாடி வெளிச்சத்துல இருக்கு. இது என்ன நியாயம்?

செங்கல்_சுண்ணாம்பு

நியாயமான கேள்வி. அந்த மொட்டைக் கல் பற்றி ஒடிசாவில் சில வருஷத்துக்கு முன் பெரிய சர்ச்சையே நடந்தது. சிற்பத்தை எடுத்துவிட்டு வெறும் கல் வைத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு, தொல்லியல் துறை மறுத்தது.

பழுதுபார்க்கும் விதி என்ன என்று சொல்கிறேன். ஒரு கல் விழுந்து, அதன் சரியான இடம் தெரிந்தால் திருப்பி வைக்கலாம். இடம் தெரியாவிட்டால் வைக்கக்கூடாது. காலியான இடத்தை அப்படியே விட்டால் மேலே உள்ளதும் சரியும், அதனால் பாரம் தாங்க வெறும் கல் வைக்கிறார்கள். அதில் புதிதாகச் சிற்பம் செதுக்கினால் நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு எது 13-ஆம் நூற்றாண்டு, எது 20-ஆம் நூற்றாண்டு என்று தெரியாது. கண்ணுக்கு உறுத்தினாலும் மொட்டைக் கல்தான் நேர்மை. விமானத்தின் துண்டுகளுக்கோ திரும்பிப் போக இடமே இல்லை, அது உட்கார்ந்திருந்த சுவரே கிடையாது.

திருநாகேஸ்வரம்_மீனா

அம்மா கும்பிட என்ன இருக்கு என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நவக்கிரகக் கல் இருக்கிறது அண்ணா. அவசியம் கூட்டிப் போங்கள்.

ஜகமோகனின் கிழக்கு வாசலுக்கு மேலே இருந்த உத்திரக் கல் அது. ஒரே குளோரைட் கல், கிட்டத்தட்ட 20 அடி நீளம். ஒன்பது கிரகங்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நம்மூரில் நவக்கிரகம் என்றால் நடுவில் சூரியன், சுற்றி எட்டுப் பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொருவரும் ஒரு திசை. ஒடிசாவில் அப்படி இல்லை, வாசல் நிலைக்கு மேலே ஒரே வரிசை, எல்லாரும் நம்மைப் பார்த்தபடி. உள்ளே போகிறவர் ஒன்பது பேர் பார்வையிலும் பட்டுத்தான் போகணும். நான் ராகு ஸ்தலத்துக்காரி, அதனால் நேராக ராகுவிடம்தான் போனேன். பாதி உடம்பு, கோரைப்பல், பெரிய முகம், இரண்டு கையிலும் பிறை மாதிரிப் பிடித்திருக்கிறார். கேதுவுக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு உடல். எண்ணெயும் குங்குமமும் ஏறி முகமெல்லாம் பளபளவென்று இருந்தது.

அந்தக் கல்லை வெள்ளைக்காரர்கள் கல்கத்தா மியூசியத்துக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார்கள். எடை தாங்கவில்லை என்று பின்பக்கத்தை நீளவாக்கில் அறுத்து எடைகுறைத்தும் கொஞ்ச தூரத்துக்கு மேல் நகர்த்த முடியவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது கோயில் வளாகத்துக்குப் பக்கத்தில் தனிக் கூரையின் கீழ் இருக்கிறது, பூஜை நடக்கிறது. சூரியக் கோயிலில் மூலவரே இல்லாமல் போனபின் அந்த ஊரில் விளக்கு எரிகிற இடம் அதுதான். சாமியைச் சாமியாக வைத்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விக்கிரகத்துக்கு விளக்கு வேண்டும், விளக்கப் பலகை வேண்டியதில்லை.

மகாநதி

மீனா அம்மா, நவக்கிரகக் கல்லை நான் சொல்லாமல் விட்டது தப்புதான், நன்றி. ஆனால் இரண்டில் ஒன்று என்று ஏன் பிரிக்கணும்? உள்ளே போக முடியாத, மூலவர் இல்லாத கோயிலில் விழுந்து கிடந்த சிற்பங்களுக்கு யார் விளக்கேற்றுவது? வெயிலிலும் மணலிலும் கிடந்திருந்தால் இன்று முகம் இருக்காது. மியூசியம் எடுத்து வைத்ததால்தான் நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது.

மாயாதேவி கோயில் என்று வளாகத்தின் தென்மேற்கில் இன்னொரு பழைய கோயில் இருக்கிறது, மணலுக்குள் புதைந்து கிடந்து தோண்டி எடுத்தது. அதன் பக்கத்திலேயே செங்கல் கோயில் ஒன்று 1956-இல் வெளிப்பட்டது. யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பலராமரும் திரிவிக்கிரமரும் கிடைத்ததால் அது பெருமாள் கோயில் என்று தெரிந்தது. அந்தச் சிலைகளை எடுத்துப் பத்திரப்படுத்தாமல் விட்டிருந்தால் அங்கே ஒரு பெருமாள் கோயில் இருந்ததற்கே சாட்சி இருந்திருக்காது. தோண்டி எடுத்ததை வைக்க ஓர் இடம் வேண்டாமா?

நவக்கிரகக் கல் பற்றி எனக்கும் உறுதியான கருத்து உண்டு. அதைத் தூக்கி மியூசியத்துக்குள் வைக்கக்கூடாது. எண்ணெய், குங்குமம் படுவதால் நுணுக்கம் மறையும் என்கிறார்கள், இருக்கட்டும். அந்த மக்கள் விடாமல் கும்பிடுவதால்தான் அது இன்றும் சாமியாக இருக்கிறது.

திருநாகேஸ்வரம்_மீனா

அந்தக் கடைசி வரிக்காகவே மியூசியத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கச் சம்மதம் சார். ஒன்றரை மணி நேரம் இல்லை.

ஏழாம்வகுப்பு_டீச்சர்

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு என் பதில். கோயில் சுவரில் ஆண் பெண் இணைந்த சிற்பங்கள் நிறைய உண்டு, மறைக்க முடியாது. நான் என் பிள்ளைகளோடு போனேன். போவதற்கு முன்பே, "அந்தக் காலத்தில் மனித வாழ்க்கையில் உள்ள எல்லாவற்றையும் கோயிலில் செதுக்கினார்கள், கல்யாணம், போர், வேட்டை, சமையல், காதல் எல்லாம் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பெரியவள் பார்த்தாள், கடந்து போனாள். நாம் பதறிக் கண்ணை மூடினால்தான் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சங்கடமாக இருந்தால் அடித்தளத்தின் கீழ் வரிசையைப் பார்த்தபடியே சுற்றி வாருங்கள். அங்கே முழுக்க யானைகள். ஆயிரத்துக்கும் மேல், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. குட்டியை நடுவில் விட்டு நடப்பவை, மரத்தை முறிப்பவை, பிடிபட்டுக் கயிற்றில் நிற்பவை. சின்னவனுக்கு யானையை எண்ணும் வேலை கொடுங்கள்.

ஏழாவது படிக்கும் மகளுக்கு வேறு வேலை. அடித்தளத்தில் ஓர் இடத்தில் யானைமேல் அரசன் இருக்க, எதிரே சிலர் ஒரு விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நீளக் கழுத்து, ஒட்டகச்சிவிங்கி. ஆப்பிரிக்க விலங்கு 13-ஆம் நூற்றாண்டு ஒடிசாவுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். கடல் வாணிகம் என்று அவளே சொல்வாள். கைடிடம் கேட்டால் இடத்தைக் காட்டுவார்.

கோயிலையே சூரியனின் தேராகக் கட்டியிருக்கிறார்கள், அதற்குச் சக்கரம் மொத்தம் 24. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைவிடப் பெரிது, பத்தடியை நெருங்கும் விட்டம். எட்டுப் பெரிய ஆரம், எட்டுச் சின்ன ஆரம். கைடு அச்சுக்கு நேரே விரலை நீட்டி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து மணி சொல்வார். ஒரு பெரிய ஆரத்திலிருந்து அடுத்ததுக்கு மூன்று மணி நேரம், சின்ன ஆரத்துக்கு ஒன்றரை, விளிம்பில் உள்ள ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் என்பது அவர்கள் கணக்கு. கட்டியவர்கள் இதற்காகத்தான் செய்தார்களா என்பது தனி விவாதம். ஆனால் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மியூசியத்தை மட்டும் முதலிலேயே பார்க்காதீர்கள். கோயிலை முழுக்கச் சுற்றி, கழுத்து வலிக்க மேலே பார்த்தபிறகு போங்கள். மேலே மேளமும் தாளமும் புல்லாங்குழலும் வாசிக்கும் பெண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால்தான், கீழே பக்கத்தில் நிற்கும் சிலை எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

பொள்ளாச்சிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. தௌலியையும் லிங்கராஜரையும் அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டேன். டிரைவருக்கு வருத்தம்தான், சமாதானப்படுத்தியாச்சு. டீச்சர் சொன்னபடி முதலில் கோயில், அப்புறம் மியூசியம், கடைசியில் நவக்கிரகம்.

மகாநதி

ஜனவரி கடைசி என்றால் ரத சப்தமி எப்போது என்று பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மாக சப்தமி என்பார்கள். அன்று விடியற்காலையில் சந்திரபாகாவில் குளித்துச் சூரியனை வணங்கப் பெருங்கூட்டம் வரும். அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் காரை ரொம்பத் தள்ளி நிறுத்த வேண்டிவரும்.

கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி. பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ராஜசுந்தரி ஒரு சோழ இளவரசி. பெயரிலேயே சோழன் இருக்கிறான் பாருங்கள். அந்த வம்சத்தில் பின்னால் வந்தவன்தான் கொனார்க்கைக் கட்டிய நரசிம்மன். அதே சோடகங்கன்மேல் முதலாம் குலோத்துங்கன் கருணாகரத் தொண்டைமானை அனுப்பிப் படையெடுத்ததைத்தான் ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அந்தக் குலோத்துங்கன் காலத்தில்தான் கும்பகோணம் பக்கத்தில் நம்முடைய சூரியனார் கோயிலும் எழுந்தது.

பொள்ளாச்சிக்காரன்

போய்விட்டு வந்தாச்சு. இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கணும், கேட்டவன் பதில் சொல்லாமல் போகக்கூடாது இல்லையா.

கோயிலில் அம்மா ரொம்ப தூரம் நடக்கவில்லை, நடன மண்டபத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்துவிட்டார். மகன் யானை எண்ணிக்கையைத் தெற்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு அங்கே நிற்கும் போர்க்குதிரைகளிடம் போய்விட்டான். மகள் ஒட்டகச்சிவிங்கியைக் கைடு காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

மியூசியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மகாநதி சார் சொன்ன பச்சைக்கல்லை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தோம். கோயிலின் பின்பக்கம், விமானம் இருந்த இடத்தின் மாடங்களில் மூன்று சூரியர்கள் இன்னும் நிற்கிறார்கள் இல்லையா, வடக்கே இருப்பவர் குதிரைமேல். மகள் அங்கேயே கேட்டாள், "அப்பா, சாமி ஏன் பூட்ஸ் போட்டிருக்கு?" நம்மூர்ச் சூரியன் வெறுங்காலோடு, இரண்டு கையிலும் தாமரையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்பார். இவர் முழங்கால் வரைக்கும் வரும் காலணி போட்டிருக்கிறார். வடநாட்டு வழக்கம், வடமேற்கிலிருந்து வந்த உடை என்று கைடு சொன்னார். காலடியில் ஏழு குதிரைகள், கடிவாளம் பிடித்த அருணன். மியூசியத்துக்குள் போனதும் ஒவ்வொரு சிலையிலும் காலைத்தான் முதலில் பார்த்தாள், இது சூரியன், இது இல்லை என்று தரம்பிரித்துக்கொண்டே போனாள்.

ஒரு குறை சொல்லணும். பல சிற்பங்களுக்குப் பக்கத்தில் பெயரும் நூற்றாண்டும்தான் இருக்கிறது. விமானத்தின் எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் இருந்தது என்று ஒரு படம் வரைந்து, துண்டு இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் போதும். என்னை மாதிரி ஒன்றும் தெரியாமல் வருகிறவனுக்குக் கோயில் முழுசாகக் கண்முன் வந்துவிடும்.

அம்மாவை நவக்கிரகத்துக்குக் கூட்டிப் போனோம். மீனா மேடத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்பது பேரையும் சுற்றிவர முடியவில்லையே என்று அவருக்கு ஒரு குறை, வரிசையாக இருப்பதால். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்பது தடவை நடந்தார்.

கடைசியாக மகளின் கேள்வி ஒன்று, எனக்குப் பதில் தெரியவில்லை. வளாகத்தில் இரும்பு உத்திரங்கள் கிடந்தன. அவ்வளவு நீள இரும்பை அந்தக் காலத்தில் எப்படி உருக்கி வார்த்தார்கள்?

செங்கல்_சுண்ணாம்பு

நல்ல கேள்வி. உருக்கி வார்க்கவே இல்லை என்று சொல்லுங்கள். அந்த அளவு இரும்பை முழுக்க உருக்கும் சூடு அந்தக் காலத்து நம் நாட்டு உலைகளில் கிடையாது. சின்ன உலையில் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால் இரும்பு குழம்பாகாது, கசடோடு சேர்ந்த கட்டியாக வரும். அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிதுக்கிக் கம்பியாக்குவார்கள். அப்படிச் செய்த சின்னக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்து, அதன் நுனியில் அடுத்ததை ஒட்டி, 30 அடிக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். டெல்லி குதுப்மினார் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணும் இதே முறைதான். உத்திரம் உடைந்த முனையைப் போட்டோ எடுத்திருந்தால் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், தனித்தனிக் கம்பிகள் ஒட்டிய இடைவெளி தெரியும். சில இடத்தில் நடுவில் சரியாக ஒட்டாமல் பொந்தாகவே இருக்கும். இருந்தால் இங்கே ஏற்றுங்கள், நானும் பார்க்கிறேன்.